கழனியும் கோரையும்: வந்தவாசி நகரும் அதன் உழைப்பாளரும்

வந்தவாசி என்னும் பெயரைக் கேட்டவுடன் பள்ளியில் வரலாறு பயின்றோர் அனைவருக்கும் நினைவில் எழுவது ஒரு போர். 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், சர் அயர் கூட் தலைமையில் ஆங்கிலப் படையும், லாலி தலைமையில் பிரெஞ்சுப் படையும் இவ்வூர்க் கோட்டையருகே பொருதன. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் பேரரசுக் கனவு கலைந்த இடம் என்று பாடநூல்கள் வந்தவாசிக்கு இரண்டு வரி ஒதுக்குகின்றன.

அந்த நாள் தை மாதத்தில் வருகிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தை என்பது சம்பாக் கதிர் முற்றிக் களத்துக்கு வரும் பருவம். குதிரைப் படைகளும் பீரங்கி வண்டிகளும் ஓடிய நிலம் வெற்று வெளியன்று. ஏரிப் பாசனத்தில் விளைந்த கழனி. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1757-இல், கர்னல் ஆல்டர்கிரான் கோட்டையைப் பிடிக்க இயலாமல் ஊரை எரித்துவிட்டுச் சென்றிருந்தான். இருபது ஆண்டுகள் கழித்து, 1780-இல், ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியெங்கும் பரவியபோது லெப்டினென்ட் பிளின்ட் இக்கோட்டையை நெடுநாள் காத்து நின்றான் என்று ஆங்கிலேயர் பெருமையோடு எழுதி வைத்தனர். கோட்டைக்குள் இருந்தவர் காக்கப்பட்டனர். கோட்டைக்கு வெளியே விதைத்தவர், நட்டவர், அறுத்தவர் ஆகியோரின் கதை வேறு. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர்.

வந்தவாசியைச் சூழ்ந்த நிலம் வற்றாத ஆறு இல்லாத நிலம். செய்யாறு சற்றுத் தொலைவில் ஓடுகிறது. அதுவும் மழைக்காலத்து ஆறே. ஆகவே இந்நாட்டு மக்கள் மழைநீரை ஏரிகளில் தேக்கியே வாழக் கற்றனர். ஓர் ஊரின் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஊரின் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து அதற்கும் கீழுள்ள ஊருக்கு. மேலூர்க்காரர் வரத்துக்காலை அடைத்தால் கீழூர்க்காரர் பட்டினி. இத்தகைய பிணைப்பினால் அமைந்த ஊர்களின் நடுவே, அவற்றின் விளைபொருள் வந்து கூடும் இடமாக எழுந்ததே வந்தவாசி நகரம்.

இப்பகுதியில் சமணத்தின் தொன்மை நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அத்தொன்மைக்கும் வேளாண்மைக்கும் உள்ள தொடர்பைப் போதிய அளவு நாம் பேசவில்லை என்றே தோன்றுகிறது. வேடல் மலைக் கல்வெட்டை நினைவுகூர்வோம். ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய பெருந்தொகையான மாணாக்கியரையும் பற்றிப் பேசுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். பெண் துறவியர் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் தங்கிக் கற்றனர் என்பதைச் சொல்லி நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளத்தக்கதே. அத்தனை பேருக்கும் நாள்தோறும் உணவு எங்கிருந்து வந்தது? விடால் என்று கல்வெட்டு குறிக்கும் அவ்வூரின் கழனியிலிருந்து வந்தது. கல்வியின் அடியில் நெல் இருந்தது. சமணப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்றே தனிப்பெயர் உண்டு. வரி நீங்கினாலும் உழவு நீங்காது. அந்நிலத்தையும் யாரோ உழுதாக வேண்டும்.

சீயமங்கலத்துப் பாறையில் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்க அரசன் இராசமல்லன் காலத்தில் சமணச் சிற்பங்கள் எழுந்தன. மூன்றாம் நந்திவர்மனுக்குத் ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடைமொழியைத் தந்த தெள்ளாறு இங்குதான் உள்ளது. இவற்றையெல்லாம் விரித்தால் கட்டுரை நீளும். பொன்னூரைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசார்ய குந்தகுந்தர் தவம் புரிந்த இடமாக நாம் போற்றும் பொன்னூர் மலை வந்தவாசிக்கு அருகில் இருப்பது. அவ்வூர் ஆதிநாதர் ஆலயத்தைச் சார்ந்த சக ஆண்டு 1655-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 1733-ஐச் சேர்ந்தது, ஓர் ஏற்பாட்டைப் பதிவு செய்கிறது. ஞாயிறுதோறும் பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி திருவுருவங்களை நீலகிரி என்னும் குன்றுக்கு எழுந்தருளச் செய்து, ஹேலாசாரியரை வழிபட வேண்டும் என்று ஊர்ச் சமணர் முடிவு செய்தனர்.

வாரம் ஒரு முறை, ஆண்டு முழுவதும். நாற்றங்கால் நாளிலும், களையெடுப்பு நாளிலும், அறுவடை நாளிலும் அரை நாள் உழைப்பை விட்டு மலைக்குச் செல்ல இயன்ற ஓர் உழவர் சமூகம், அப்போது ஓரளவு நிலைபெற்று வாழ்ந்திருக்க வேண்டும். கல்வெட்டு வெட்டப்பட்டு 24 ஆண்டுகளுக்குள் வந்தவாசி நகரம் எரிந்தது. 27 ஆண்டுகளில் பெரும்போர் வந்தது. அதன் பின்னரும் பொன்னூரில் சமணக் குடிகள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். வணிகராக மட்டும் வாழ்ந்திருந்தால், பேட்டை எரிந்த அன்றே வேறு பட்டினம் நோக்கிச் சென்றிருப்பர். நிலம் அவர்களைப் பிடித்து வைத்தது என்பதே என் கருத்து. வட இந்தியச் சமணருக்கும் தமிழ்ச் சமணருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே: அவர்கள் பெரும்பாலும் வணிகர், நாம் நயினார் என்னும் பட்டத்தோடு ஏரைப் பற்றி நின்றவர்கள்.

ஏரைப் பற்றி நின்ற அச்சமூகத்தின் நாள் எவ்வாறு கழிந்தது? மின்சாரம் வருவதற்கு முன்னர், கோழி கூவும் முன்பே கவலை ஓட்டத் தொடங்குவர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலேறும். பின்வாங்கச் சால் கிணற்றுக்குள் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்திக்கேனும் நீர் பாய்ந்திருக்க வேண்டும். ஏரியில் நீர் உள்ள மாதங்களில் மடை திறந்து முறைப்படி விடுவதற்கு நீர்க்கட்டி இருந்தார். அவருக்குக் கூலி களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கும் அவ்வாறே. களத்தில் அம்பாரம் குவிந்த அன்று மரக்காலும் படியும் கொண்டு பங்குகள் பிரியும். வீட்டுக்கு வருவது எஞ்சியதே.

நம் வீடுகளில் அந்நாளுக்கு மற்றொரு வரம்பும் இருந்தது. இரவுண்ணாமை காரணமாகப் பொழுது சாய்வதற்குள் அடுப்பு அணைந்து, உண்டு முடிந்தாக வேண்டும். ஆகவே கழனியிலிருந்து திரும்பும் நேரம் கதிரவனைப் பார்த்தே அமைந்தது. அறுவடைக் காலத்தில் இது எளிதன்று. களத்தில் நெல் கிடக்க, மழை மேகம் சூழ, உண்பதா நெல்லை மூடுவதா என்ற நிலையில் உணவை விட்டு நெல்லை மூடியோர் பலர். பெண்டிர் பாடு இன்னும் மிகுதி. குடிநீரைத் துணியால் வடிகட்டி, பூச்சி புழு பார்த்து அரிசி பருப்பு ஆய்ந்து, கூலியாட்களுக்குக் கஞ்சியும் வீட்டாருக்கு உணவும் மாலைக்குள் முடிப்பது அவர்கள் கடமையாயிற்று. நோன்பின் பெருமையைப் பாடும்போது அந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூலியாட்கள் என்று ஒரு சொல்லில் கடந்து செல்வதும் நேர்மையாகாது. நிலம் உடையோர் எழுதிய வரலாற்றில், நிலத்தில் நின்று உழைத்தோர் பெயரின்றிப் போயினர். ஆண்டு முழுவதும் ஒரே வீட்டுக்குக் கட்டுப்பட்டு உழைத்த படியாள்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊருக்கு அப்பால் இருந்த சேரிகளிலிருந்து விடியுமுன் வந்து இருட்டிய பின் திரும்பியவர்கள். அவர்கள் பெற்றது படி நெல். கடன் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. எறும்புக்கும் இரங்கும் அறத்தைப் போற்றிய நம் ஊர்களிலும் இம்முறை நிலவியது. பிற ஊர்களிலிருந்து நாம் இதில் வேறுபட்டு நின்றோம் என்று சொல்லச் சான்று காட்ட இயலாது. எல்லா உயிரும் ஒன்றெனக் கொண்டோர் இதனைக் கண்டும் காணாது விட்டது ஏன் என்பது நாமே நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி.

உழவையும் அஹிம்சையையும் எவ்வாறு இணைத்தனர் என்பது மற்றொரு கேள்வி. பிற சமயத்தார் இதனை அடிக்கடி கேட்பதுண்டு. ஏர் மண்ணைக் கீறும்போது எத்தனை உயிர்கள் மடிகின்றன? நம் ஆசிரியர்கள் இக்கேள்விக்கு அஞ்சவில்லை. ஹிம்சையை நால்வகையாகப் பிரித்தனர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்கல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். ஏனையவற்றைக் கவனத்தால் குறைக்க வேண்டும். ஜினசேனரின் ஆதிபுராணம், விருஷப தேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களைக் கூறுகிறது: அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம். அவற்றுள் உழவு உண்டு. உழவைக் கற்பித்தவரே முதல் தீர்த்தங்கரர் எனும்போது, உழவன் தன் தொழிலை நாணத் தேவையில்லை.

அதே வேளையில் உழவு இறுதி நிலையன்று என்பதும் சொல்லப்பட்டது. சமந்தபத்ரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்த சிராவகனின் பதினொரு படிகளில் எட்டாவது ஆரம்பத் தியாகம். அந்நிலையை அடைந்தவன் பிறர்க்குப் பணி செய்தல், உழவு, வாணிகம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முதுமையில் கழனியை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆலயத்திலும் சுவடியிலும் காலம் கழித்த பெரியோர்க்கு, அது வெறும் ஓய்வன்று, ஏறிய படி.

நகரத்துக்கு வருவோம். வந்தவாசிக் கடைத்தெருவை வளர்த்தது நெல் மட்டுமன்று. வட ஆர்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய மணிலாக்கொட்டை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உழவர் கையில் முதன்முதலாகக் காசைப் புரள வைத்த பயிர். ஏரிநீர் எட்டாத மேட்டு நிலத்தில் அது விளைந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. கோட்டையை இழந்த பிரெஞ்சுக்காரர் நூறு ஆண்டு கழித்து இந்நாட்டுக் கொட்டையை வாங்கினர் என்பது ஒரு வேடிக்கை. பின்னாளில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ஆகிய விதைகள் இப்பகுதியெங்கும் பரவின. மண்ணுக்குள் விளைவதால் மல்லாட்டை விலக்கா என்று ஐயுறும் இளைஞர் உண்டு. அது கிழங்கன்று, பூவிலிருந்து இறங்கி மண்ணில் முதிரும் காய்.

பணப்பயிர் வந்தால் இடைத்தரகரும் வருவர். எடையில் குறைத்தல், ‘மாதிரி’ என்று கைப்பிடி அள்ளல், தரகு என்று கழித்தல் ஆகியவை உழவரை அரித்தன. 1933-இல் சென்னை மாகாண வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டதன் காரணம் இதுவே. அதன் வழி வந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் வந்தவாசியிலும் உள்ளது. தை, மாசி மாதங்களில் அங்கு சென்றால் நகரத்தின் நாடித்துடிப்பைக் காணலாம். இரவே டிராக்டர்களில் வந்திறங்கிய 75 கிலோ மூட்டைகள் வரிசையாகக் கிடக்கும். காலையில் வணிகர் வந்து நெல்லைக் கையில் எடுத்து, தேய்த்து, கடித்துப் பார்ப்பர். விலையைச் சீட்டில் எழுதிப் போடுவர். உயர்ந்த விலை அறிவிக்கப்படும். சுமைதூக்கும் தொழிலாளர், எடை போடுவோர், சிந்திய நெல்லைக் கூட்டும் பெண்கள், தேநீர்க் கடைக்காரர் என அந்நாளை நம்பி வாழ்வோர் பலர். அங்கு வாங்கப்பட்ட நெல் செய்யாறு, ஆரணி அரிசி ஆலைகளுக்குச் செல்லும்.

ஆரணிக்கு அரிசியோடு பட்டும் பெருமை சேர்த்தது. வந்தவாசிக்கோ பாய். இந்நகரத்து இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றன. கோரையைப் பருவத்தில் அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, சாயமேற்றி, நூல் பாவில் ஒவ்வொரு தாளாகச் செலுத்தி நெய்வது பொறுமைக்குரிய தொழில். கீறுதல், உலர்த்தல் முதலிய வேலைகளில் பெண்களின் பங்கு பெரிது. கைத்தறியின் இடத்தில் விசைத்தறி வந்தது; பிளாஸ்டிக் பாய் வந்து விலையைச் சரித்தது. இருப்பினும் திருமணச் சீரில் வந்தவாசிப் பாய் இடம்பெறுவது நின்றுவிடவில்லை. பட்டுநூலுக்குப் புழு மடிய வேண்டும்; கோரைக்கு அது வேண்டா. எனவே பட்டாடை தவிர்த்த நம் மூதாட்டியரும் கோரைப்பாயை மனம் குறுகாமல் விரித்தனர். ஒருவர் நெய்த பாயில் மற்றவர் நெல் உலர்ந்தது. பல சமயத்தார் அருகருகே வாழ்ந்த இந்நகரில் உறவு பெரும்பாலும் இத்தகைய கொடுக்கல் வாங்கலால் அமைந்தது.

1966-க்குப் பின் ஐ.ஆர். 8, அதன்பின் ஐ.ஆர். 20 முதலிய குறுகிய காலப் பயிர்கள் வந்தன. மின் மோட்டார் வந்தது. கவலை எருதுகள் விடுதலை பெற்றன. விளைச்சல் பெருகிற்று, பசி குறைந்தது. இதனைக் குறைத்துப் பேசுவோர் பஞ்சக் காலத்தை அறியாதவர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் இம்மாவட்டத்தைச் சூறையாடியதை நினைத்தால் புது விதையின் அருமை விளங்கும்.

ஆயினும் அவ்விதையோடு ஒரு புட்டியும் வந்தது. பூச்சிக்கொல்லி என்று அதன் பெயரே சொல்லிற்று. ஏர் கீறும்போது புழு மடிவது உழவனின் எண்ணத்தில் இல்லை. மருந்தைத் தெளிக்கும்போது புழு மடிய வேண்டும் என்பதே எண்ணம். நால்வகை ஹிம்சையில் இது எங்கு சேரும்? பயிரைக் காப்பதால் விரோதி என்றனர் சிலர். தொழிலில் நேர்வதால் உத்யோகி என்றனர் சிலர். சங்கல்பியே என்று கூறி மனம் நொந்தவரும் உண்டு. தாம் தெளிக்காமல் ஆளை வைத்துத் தெளித்ததால் பாவம் நீங்கிற்று என்று எண்ணியோரும் உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒன்றே என்னும் நம் அறநூல் கருத்துக்கு அது ஒவ்வாது. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் இயற்கை வேளாண்மைக்கும் இன்று திரும்பியுள்ள உழவர்களுக்கு மண்வளமே காரணம். நம்மவருக்கோ இந்தப் பழைய வழக்கும் ஒரு காரணமாகலாம்.

அதே காலத்தில்தான் நம் குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரத் தொடங்கின. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தரநிலை ஏக்கரை வரம்பாக வைத்தது. 1970-இல் அது 15 ஆயிற்று. பாகப்பிரிவினையில் நிலம் துண்டுபட்டது. கல்வி கைகொடுத்தது. ஆசிரியப் பணிக்கு நம்மவர் சென்றதுபோல் வேறு பணிக்குச் சென்றதில்லை. இப்பகுதிப் பள்ளிகளில் நயினார் வாத்தியாரிடம் படிக்காத தலைமுறை அரிது. அவர்களின் மக்கள் சென்னைக்கும், அவர்களின் மக்கள் அயல்நாட்டுக்கும் சென்றனர். குத்தகைக்கு விட்ட நிலம் பின்னர் விற்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை விழாவுக்குக் காரில் வருவோர் ஜினாலயத்தை நன்கு புதுப்பித்துத் தருகின்றனர். நாள்பூசைக்கு உபாத்தியாயர் ஒருவரும் முதியவர் இருவரும் மட்டும் உள்ள ஊர்கள் பெருகிவிட்டன. ஆலயத்துக்கு நெல் அளந்த நிலம் போனபின், பணம் வந்தால்தான் விளக்கெரியும் நிலை.

இன்று நிலத்தில் நிற்பவர் பலர், அன்று படியாளாக இருந்தோரின் பேரர்கள். குத்தகையாகவோ சொந்தமாகவோ பயிரிடுகின்றனர். அவர்களின் பெண்மக்கள் செய்யாறு சிப்காட் காலணி ஆலைகளுக்குப் பேருந்தில் சென்று வருகின்றனர். அத்தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் மேல்மா உள்ளிட்ட ஊர்களின் உழவர் நீண்ட போராட்டம் நடத்தினர். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரி செல்லும் ரயில் பாதை 2006-07 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. வந்தவாசியில் இன்னும் ரயில் ஓசை கேட்கவில்லை. விற்பனைக் கூடத்துக்கு மூட்டைகள் சாலை வழியே வருகின்றன. பொன்னூர் மலைப்படிகளில் நின்று கிழக்கே நோக்கினால், ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. மார்கழியில் அவை நிரம்பியிருந்தால் கீழே சம்பா பச்சை, நிரம்பாவிட்டால் மல்லாட்டைக் கொல்லை.